ஒளிரும் பலகையும் ரெண்டாவது ஷிஃப்ட் அப்பாவும்

பிறந்தநாள் வீட்டுக்கு என்ன வாங்கிட்டுப் போறதுன்னு யோசிச்சா, இப்பல்லாம் முதல்ல கண்ணுல படறது இந்த ஒளிரும் ஓவியப் பலகைதான். திருவள்ளூர் தேரடிப் பக்கம் கடைகள்ல தொங்குது. அமாவாசை அன்னிக்கு வீரராகவப் பெருமாள் கோயிலைச் சுத்திப் போடற தரைக்கடையில கிடைக்குது. இணையத்துல தேடினா முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்கு. வெளிச்சத்தால வரையலாம், இருட்டுல மின்னும், குழந்தையோட படுக்கையறையை அலங்கரிக்கும்னு அட்டைப்பெட்டி மேலயே எழுதியிருக்கும்.

அந்தப் பெட்டி மேல இருக்கற படத்தைக் கவனிச்சிருக்கீங்களா? ஒரே ஒரு குழந்தை. அதுக்குன்னு தனிக் கட்டில், தனி ரூம், கூரை முழுக்க நட்சத்திரம், ஒரு புத்தக அலமாரி, ஜன்னலுக்கு வெளியில நிலா. செவ்வாப்பேட்டையில அப்படி ஒரு ரூம் இருக்கற வீடுகளை எண்ண எனக்கு ஒரு கை விரலே மிச்சம்னு நினைக்கறேன். வேப்பம்பட்டுக்கும் புட்லூருக்கும் நடுவுல இருக்கற ஊர். இங்க பாதி வீடு வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு கிச்சன், கொஞ்சம் வசதின்னா ஒரு பெட்ரூம். அந்த பெட்ரூம்ல பீரோ இருக்கும், அரிசி மூட்டை இருக்கும், துவைச்ச துணி மலையா குவிஞ்சிருக்கும். நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்த மனுஷன் பகல்ல அங்கதான் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத் தூங்குவார். ராத்திரி எல்லாருக்கும் அதே இடம்தான். குழந்தையோட படுக்கையறைன்னா, அம்மாவுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கற ரெண்டடி பாய்.

அந்த ரெண்டடியில இந்தப் பலகை என்ன செய்யுதுங்கறதுதான் பதிவு.

முதல்லயே சொல்லிடறேன், இது பொம்மையைத் திட்டி எழுதற பதிவு இல்லை. எனக்கு அந்தப் பலகை பிடிக்கும். கடையில நின்னு நானே பத்து நிமிஷம் கிறுக்கிப் பார்த்திருக்கேன், கடைக்காரர் "சார், வாங்கறீங்களா இல்லியா"ன்னு கேட்கற வரைக்கும் :-) என் கருத்து ரெண்டே ரெண்டு. தூங்கப் போற நேரத்துல, தூங்கற இடத்துல அதைக் கொடுக்காதீங்க. வாங்கறதா இருந்தா, வரைஞ்ச படம் அப்படியே நிக்கற வகையைப் பார்த்து வாங்குங்க. ரெண்டாவது விஷயம் உங்களுக்கு அல்பமா தோணலாம். எனக்கு அதுதான் முக்கியம்.

"ஒளிரும் பலகை"ங்கற ஒரே பேர்ல சம்பந்தமே இல்லாத நாலு சாமானை விக்கறாங்க, அதனால வகையைப் பிரிச்சுச் சொல்லிடறேன்.

இதுல ரொம்பப் பழசு அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ கம்பெனி 1967ல கொண்டு வந்த லைட் ப்ரைட். ஒரு பெட்டிக்குள்ள பல்பு. முன்னாடி ஓட்டை போட்ட பலகை, அது மேல கறுப்புத் தாள். கலர் கலரா கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஆணிகளைத் தாளைக் குத்தி ஓட்டையில சொருகினா, ஆணி இருக்கற இடத்துல மட்டும் வெளிச்சம் வெளிய வரும். நம்மூர் திருவிழா சீரியல் செட் பலகையைக் கையடக்கமா செஞ்ச மாதிரி. 2022ல அமெரிக்காவோட தேசிய பொம்மைக் கூடத்துல அதுக்கு இடம் கொடுத்து கௌரவிச்சாங்க. இங்க அதே மாதிரி ஆணி சொருகற பலகைகள் எப்பவாவது கண்ணுல படும். மூணு வயசுக்குள்ள குழந்தை இருக்கற வீட்டுல அந்த ஆணிகள் வேண்டவே வேண்டாம், நேரா வாய்க்குத்தான் போகும்.

நம்மூர்ல நிறைய விக்கறது அடுத்த வகை. வெளிர்பச்சைத் தாள் ஒட்டின ஒரு அட்டை, கூடவே ஊதா வெளிச்சம் அடிக்கற ஒரு பேனா. விளக்கை அணைச்சுட்டு பேனாவால இழுத்தா, இழுத்த இடமெல்லாம் பச்சையா மின்னும். கையை வச்சு மேல வெளிச்சம் அடிச்சா கையோட நிழல் அப்படியே பதியும். முதல் தடவை பார்க்கற எந்தக் குழந்தையும் வாயைப் பொளக்கும். நானும் பொளந்தேன்.

இதை நம்ம ஊர்ல எல்லாரும் "ரேடியம்"னு சொல்லுவாங்க. வண்டியில ஒட்டற மின்னற ஸ்டிக்கரும் ரேடியம், கூரையில ஒட்டற நட்சத்திரமும் ரேடியம், இதுவும் ரேடியம். எதுலயும் ரேடியம் கிடையாது. வண்டி ஸ்டிக்கர் வெறுமனே வந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பற சமாச்சாரம். அந்தப் பேர் வந்தது பழைய கைக்கடிகார முள்ளுகள்ல இருந்து. நிஜமாவே ரேடியம் கலந்த பெயிண்ட்டை அதுல பூசினாங்க. அமெரிக்காவுல நியூஜெர்சியில ஒரு தொழிற்சாலையில அந்த வேலை பார்த்த பெண்கள், தூரிகை நுனியைக் கூராக்க உதட்டுல வச்சு வச்சு எழுதி, தாடை எலும்பு அரிச்சு செத்துப் போனாங்க. அவங்கள்ல 5 பேர் கம்பெனி மேல போட்ட வழக்கு 1928ல சமரசத்துல முடிஞ்சது. வேலை செய்யறவங்க உடம்புக்கு முதலாளி பொறுப்புங்கற பேச்சு அங்க பலமானதுக்கு அந்தப் பெண்களும் ஒரு காரணம். நாம பேரை மட்டும் வச்சுக்கிட்டு கதையை விட்டுட்டோம். சரி, கொசுவத்தி போதும்.

இப்ப தாள்ல இருக்கறது ஆபத்தில்லாத பாஸ்பர் பொடி. முன்னாடி எல்லாம் துத்தநாக சல்பைடு. 1993ல ஜப்பான்ல நெமோட்டோ கம்பெனிக்காரங்க ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சாங்க. பழசை விட பல மடங்கு பிரகாசம், பல மடங்கு நேரம் நிக்கும். ஊதா வெளிச்சம் பட்டா அந்தப் பொடிக்குள்ள எலக்ட்ரான்கள் துள்ளிப் போய் சின்னச் சின்னப் பள்ளங்கள்ல மாட்டிக்கும். அப்புறம் ரூமோட சூட்டுல ஒவ்வொண்ணா வெளிய வரும்போது பச்சை வெளிச்சமா தெரியும். சிவப்பு டார்ச் எவ்வளவு பிரகாசமா அடிச்சாலும் ஒண்ணும் வரையாது, சிவப்பு ஒளிக்கு அவ்வளவு சக்தி பத்தாது. வீட்டுல குழந்தை இருந்தா இதைச் செஞ்சு காட்டுங்க, பாடப்புத்தகத்துல நாலு பக்கம் படிக்கறதை விட நல்லா புரியும். சூட்டுலதான் வெளிச்சம் வெளிய வருதுங்கறதால, நம்ம சித்திரை வெயில் வீட்டுல பளிச்சுனு மின்னி சீக்கிரம் அழிஞ்சுடும். வரைஞ்ச தாளை ஃப்ரீசர்ல வச்சா மெதுவா அழியும், வெளிய எடுத்தா மறுபடி பிரகாசமாகும். படத்தை மீன் கூட வச்சுப் பாதுகாக்கற ஒரே கலை இதுவாத்தான் இருக்கும்.

மூணாவது, அக்ரிலிக் பலகை. கண்ணாடி மாதிரி ஒரு தகடு, அடியில ஒரு மரக்கட்டை இல்ல பிளாஸ்டிக் பீடம், அதுக்குள்ள எல்இடி. ஸ்கெட்ச் பேனாவால தகட்டுல எழுதினா எழுத்து மட்டும் மின்னும். வெளிச்சம் தகட்டோட ஓரத்துல நுழைஞ்சு உள்ளுக்குள்ளேயே முட்டி மோதிப் போய்க்கிட்டிருக்கும், மையோ கீறலோ இருக்கற இடத்துலதான் வெளிய வழி கிடைக்கும். கடைக்காரங்க பேர் பலகை செய்யறதும் இதே தத்துவத்துலதான். படம் மையில இருக்கு, வெளிச்சத்துல இல்லை. விளக்கை அணைச்சாலும் படம் அங்கேயேதான் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, பின்னாடி வேணும்.

நாலாவதா எல்சிடி சிலேட்டு. கறுப்புப் பலகையில நகத்தால கீறினாலும் பச்சையா கோடு விழும், பட்டனை அமுக்கினா மொத்தமும் அழியும். 2010ல அமெரிக்காவுல பூகி போர்டுங்கற பேர்ல வந்தது, இன்னிக்கு நம்மூர்ல இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. இது ஒளிராது, வெளியில இருந்து வர்ற வெளிச்சத்தைத்தான் காட்டும். கோட்டை நிறுத்தி வைக்க மின்சாரமே தேவையில்லை, அழிக்கத்தான் பேட்டரி. எனக்கு இது ரொம்பப் பிடிச்ச சாமான், ஆனா குழந்தைங்களுக்கு வரையறதை விட அந்த பட்டனை அமுக்கறதுதான் பெரிய விளையாட்டு.

வகை அவ்வளவுதான். இப்ப ஷிஃப்ட்டுக்கு வர்றேன்.

எங்க ஏரியாவுல ஆம்பளைங்க வேலைக்குப் போற திசை மூணு. ரயிலேறி அம்பத்தூர் பக்கம், கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம், டூவீலர்ல காக்களூர் சிட்கோ. கொஞ்சம் பேர் கும்மிடிப்பூண்டி சிப்காட் வரைக்கும் போறாங்க. இப்ப பொம்பளைங்களும் நிறைய போறாங்க. ஷிஃப்ட்டு வாராவாரம் மாறும். ரெண்டாவது ஷிஃப்ட்டு வாரம்தான் வீட்டுல குழந்தை இருக்கறவங்களுக்குக் கொடுமை. மத்தியானம் அது ஸ்கூல்ல இருக்கும்போதே அப்பா கிளம்பிடுவார். பத்தரைக்கு மெஷினை விட்டு, பஸ்ஸோ ரயிலோ புடிச்சு வீடு வந்து சேர பதினொண்ணு, பதினொண்ணரை. காலையில குழந்தை எழுந்து கிளம்பும்போது அப்பா தூக்கத்துல. ஒரே ரூம்ல தூங்கறாங்க, ஆறு நாளைக்கு ஒருத்தரை ஒருத்தர் முழிச்சுப் பார்த்துக்கறதில்லை.

எங்க கீழ் வீட்டுல அப்படி ஒரு குடும்பம். பாப்பா ஒண்ணாங்கிளாஸ். பிறந்தநாளுக்கு யாரோ அந்தப் பச்சைத்தாள் பலகையைக் கொடுத்திருக்காங்க. ஒரு வாரம் ஊரையே கூப்பிட்டுக் காட்டினா. அப்புறம் ஒரு நாள் மாடிப்படியில மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா.

"இன்னாடி, பலகை கெட்டுப் போச்சா?"

"இல்ல மாமா. அப்பாவுக்கு ரயில் வரைஞ்சி வச்சேன். அப்பா வந்து பாத்தா ஒண்ணுமே இல்லியாம். வெறும் பச்சையாம்."

அவங்க அம்மா உள்ளேர்ந்து, "டெய்லி இதே ரோதனைண்ணா. அழிஞ்சிடும்னு தெரிஞ்சு நேத்து பதினோரு மணி வரைக்கும் அது மேல வெளிச்சம் அடிச்சிக்கினே உக்காந்திருக்கா. காலைல எழுப்ப முடியல"ன்னாங்க.

அந்த ரயில் எட்டு மணிக்கு வரைஞ்சது. மலிவான தாள்ல அரை மணி நேரம் தாண்டினாலே உத்துப் பார்க்கணும். பதினொண்ணே காலுக்கு வந்த மனுஷன், ஹால் லைட்டைப் போட்டுட்டுத்தானே பையை வைப்பார்? லைட்டைப் போட்ட நிமிஷம் மொத்தத் தாளும் சார்ஜ் ஆகி, மிச்சம் மீதி இருந்த ரயிலும் பச்சைக் குளத்துல முழுகிடும். அந்தப் பொம்மையோட குத்தம் இல்லை இது, அது அப்படித்தான் வேலை செய்யும். தனி ரூம்ல, தானே வரைஞ்சு தானே பார்த்து தூங்கிப் போற குழந்தைக்காக யோசிச்ச சாமான் அது. இன்னொருத்தர் வந்து பார்க்கணும்னு வரையற குழந்தையை அதைச் செஞ்சவங்க கணக்குல எடுத்துக்கலை.

உடனே யாராவது பின்னூட்டத்துல வருவீங்க: "கோலமும்தான் தினம் அழியுது, அழியறதுல ஒரு அழகு இருக்கு"ன்னு. தெரியும் மக்கா. ஆனா கோலம் அழியறதுக்கு முன்னாடி பால்காரர் பார்ப்பார், எதிர்வீட்டு அக்கா பார்த்து "புள்ளி எத்தனை?"ன்னு கேப்பாங்க, வெளிய கிளம்பற எல்லாரும் மிதிக்காம தாண்டிப் போவாங்க. பார்க்க வேண்டியவங்க பார்த்து முடிச்ச பிறகுதான் அது அழியுது.

அப்புறம் தூக்கம். இதுல நான் கொஞ்சம் கறாராவே பேசப் போறேன்.

அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல 2018ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. மூணுலேர்ந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள 10 குழந்தைங்க. தூங்கப் போறதுக்கு முந்தின ஒரு மணி நேரம், அடியிலேர்ந்து வெளிச்சம் வர்ற மேஜையில படம் தீட்ட, விளையாட விட்டாங்க. அதாவது நம்ம ஒளிரும் பலகையோட பெரியண்ணன். வெளிச்சம் 1000 லக்ஸ். தூக்கத்துக்கு உடம்பைத் தயார் பண்ற மெலடோனின் 88 சதவீதம் குறைஞ்சது. விளக்கை அணைச்சு 50 நிமிஷம் கழிச்சும் பெரும்பாலான குழந்தைங்களுக்குப் பழைய நிலைக்கு வரலை. "பத்தே பத்து பேரா?"ன்னு கேக்கலாம், நியாயமான கேள்வி. அதே குழு 2022ல 36 குழந்தைங்களை வச்சு, வெளிச்சத்தோட அளவை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. 5லேர்ந்து 40 லக்ஸ் வரைக்குமான மங்கின வெளிச்சத்துலயே சராசரியா 78 சதவீதம் குறைஞ்சது. 40 லக்ஸுங்கறது, புத்தகம் படிக்க நாம வேண்டாம்னு சொல்ற அளவு மங்கல்.

குழந்தைக் கண்ணுல பாப்பா பெரிசு, லென்ஸ் தெளிவு. நம்ம கண்ணை விட அதிக வெளிச்சம் உள்ள போகும். அதுலயும் நீலம், ஊதா பக்கத்து ஒளிதான் மெலடோனினை ரொம்ப அடக்கும். பச்சைத்தாளுக்கு ஊதாப் பேனாதான் வேணும், வேற வழியில்லை. அந்தப் பேனாவைக் குழந்தை தாள்ல மட்டும் அடிக்காது, தம்பி கண்ணுலயும் அடிக்கும், தன் கண்ணுலயும் அடிச்சுப் பார்க்கும். பகல்ல பக்கத்துல நின்னு பார்த்துக்கலாம். ராத்திரி போர்வைக்குள்ள யார் பார்க்கறது?

"செல்போனுக்கு இது எவ்வளவோ தேவலாம்"னு ஒரு வாதம் வரும். தேவலாம்தான், மறுக்கலை. கை வேலை செய்யுது, கற்பனை வேலை செய்யுது, விளம்பரம் வரலை. ஆனா ராத்திரி ஒன்பதரைக்கு எது தேவலாம்னு கேட்டா, ரெண்டும் வேண்டாம்ங்கறதுதான் பதில். "குழந்தை இருட்டுக்குப் பயப்படுதே"ன்னா, சிவப்போ ஆரஞ்சோ கலந்த ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். அந்த நிறங்கள் தூக்கத்தைக் கெடுக்கறது குறைச்சல்.

அப்ப என்ன பண்ணலாம்? கீழ் வீட்டுல என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், அதுவே என் சிபாரிசும்.

பாப்பாவோட அப்பா வேலை பார்க்கற இடத்துக்குப் பக்கத்துல பேர்ப்பலகை செய்யற கடை ஒண்ணு இருக்காம். அங்க வெட்டிப்போட்ட அக்ரிலிக் துண்டு ஒண்ணு, ரெண்டு கை அகலம், கேட்டு வாங்கிட்டு வந்தார். ஓரத்தை உப்புத்தாள் வச்சு கை கிழிக்காத அளவுக்குத் தேச்சார். ஒரு பழைய ரீப்பர் கட்டையில நீளமா காடி போட்டு, அதுக்குள்ள யூஎஸ்பியில ஓடற எல்இடி பட்டையை ஒட்டி, மேல தகட்டைச் சொருகினார். அஞ்சு வோல்ட் சமாச்சாரம், செல்போன் சார்ஜர்ல ஓடும். சாதாரண வெள்ளைப் பலகை மார்க்கர் போதும், துணியால துடைச்சா போயிடும். எல்இடி பட்டை வாங்கும்போது வார்ம்னு சொல்ற மஞ்சள் வெளிச்சமா கேட்டு வாங்கினது அவரோட புத்திசாலித்தனம். நான் சொல்லிக் கொடுத்ததுன்னு நினைச்சுடாதீங்க, "வெள்ளை லைட்டு கண்ணைக் குத்தும்ண்ணா, நைட் ஷிஃப்ட்டுல பாத்துப் பாத்து வெறுத்துப் போச்சு"ன்னார்.

பாப்பா இப்ப சாயங்காலம் அதுல வரையறா. எட்டரைக்கு அம்மா ஸ்விட்சை அணைச்சுடறாங்க. படம் தகட்டுல அப்படியே இருக்கு. பதினொண்ணேகாலுக்கு அவர் வந்து, யாரையும் எழுப்பாம, ஹால் லைட்டைக்கூடப் போடாம அதோட ஸ்விட்சைப் போடறார். அந்த வெளிச்சத்துலயே பையை வச்சு, சோறு போட்டுக்கிட்டு சாப்பிடறார். சாப்பிட்டு முடிச்சதும் மார்க்கரை எடுத்து ரயிலுக்கு ஒரு பெட்டி சேர்த்து வரைஞ்சுட்டுப் படுக்கறார். காலையில அவர் குறட்டை விட்டுக்கிட்டிருக்க, இவ எழுந்து பெட்டியை எண்ணிப் பார்த்துட்டு ஸ்கூலுக்குப் போறா. போன ரெண்டாவது ஷிஃப்ட்டு வாரக் கடைசியில அந்த ரயில் தகட்டோட ஓரம் வரைக்கும் போய், இடம் பத்தாம வளைஞ்சு திரும்பி வந்துக்கிட்டிருந்தது.

கடையில வாங்கினாலும் இதே அக்ரிலிக் வகை கிடைக்குது, செஞ்சுக்க நேரமில்லாதவங்க வாங்கலாம். கலர் மாத்தற ரிமோட் இருந்தா ராத்திரியில நீலத்துல வைக்காம மஞ்சள்லயோ சிவப்புலயோ வைங்க. அதுவும் இல்லைன்னா ஒரு சிலேட்டும் பலப்பமும் போதும். அதையும் அப்பா வந்து பார்க்கலாம்.

சுவத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தப் பலகைங்க இவ்வளவு விக்கறதுக்குக் காரணம் சுவர்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. குழந்தைக்கு வரைய இயல்பா தோணற இடம் சுவர்தான். வாடகை வீட்டுல சுவத்துல கோடு விழுந்தா காலி பண்ணும்போது பெயிண்ட்டுக்குன்னு அட்வான்ஸ்ல புடிப்பாங்க. நான் முன்னாடி இருந்த ஒரு வீட்டுல, நாங்க போறதுக்கு முன்னாலேயே இருந்த கிறுக்கலுக்கு எங்ககிட்ட ஒரு மாசத்து வாடகையைப் புடிச்சுக்கிட்டார் ஓனர். அதுலேர்ந்து எங்க வீட்டுப் பிள்ளைங்க பென்சிலோட சுவர் பக்கம் போனாலே யாராவது கத்துவோம். சொந்த வீடு கட்டறவங்க, தயவுசெஞ்சு ஒரு சுவத்துல கீழ மூணடி உயரத்துக்குக் கரும்பலகை பெயிண்ட் அடிச்சு விடுங்க. ஓவியக் கல்லூரிக்குக் கட்டற பணத்துல பாதி மிச்சம்.

கடைசியா பேட்டரி. இதை நான் சொல்லாம விட்டா தப்பு. மலிவான ஊதாப் பேனாக்கள்ல பொத்தான் பேட்டரி இருக்கும். மூடி வெறும் அழுத்தி மூடற வகை, கீழ விழுந்தா சிதறிடும். 20 மில்லிமீட்டர் லித்தியம் பேட்டரியைச் சின்னக் குழந்தை முழுங்கி, அது உணவுக்குழாய்ல மாட்டிக்கிட்டா ரெண்டு மணி நேரத்துலயே உள்ள வெந்து புண்ணாகும். சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்கறேன், வாழைப்பழம் கொடுக்கறேன்னு நேரத்தைப் போக்காம நேரா எக்ஸ்ரே இருக்கற ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். வாங்கும்போது பேட்டரி மூடிக்கு ஸ்க்ரூ இருக்கான்னு திருப்பிப் பாருங்க. இல்லைன்னா கடையிலேயே வச்சுட்டு வாங்க.

2021 ஜனவரி 1லேர்ந்து இந்தியாவுல பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மின்சாரத்துல, பேட்டரியில ஓடற பொம்மைக்கு ஐஎஸ் 15644ங்கற தரம். அதுக்கு முன்னாடி 2019ல இந்தியத் தரக் கவுன்சில் வெளிநாட்டுப் பொம்மைங்களை சோதிச்சுப் பார்த்தப்ப, மூணுல ரெண்டு பங்கு தேறலை. இப்ப கட்டாயம்னு ஆன பிறகும் தரைக்கடையில முத்திரை இல்லாததுதான் நான் அதிகம் பார்க்கறது. இதுல ஒரு தந்திரம் வேற இருக்கு. அதே அக்ரிலிக் பலகையை "இரவு விளக்கு", "அலங்காரப் பொருள்"னு எழுதி விக்கறாங்க. பொம்மைன்னு சொன்னாத்தானே பொம்மைச் சட்டம்? பெட்டி மேல மட்டும் குழந்தை சிரிச்சுக்கிட்டிருக்கும். தரைக்கடை போடறவங்க மேல எனக்குக் கோபம் இல்லை, அவங்க வீட்டுலயும் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் உண்டு. மொத்தமா இறக்கி மூட்டை மூட்டையா அவங்க தலையில கட்டறவங்களைத்தான் புடிக்கணும்.

ஓசூர், ராணிப்பேட்டை, எண்ணூர், நெய்வேலி பக்கத்துப் பதிவர்களுக்கு ஒரு கேள்வி. உங்க ஊர்லயும் ஷிஃப்ட்டு வீடுகள்தான். அங்க குழந்தைங்க அப்பா அம்மாவுக்கு என்ன விட்டுட்டுத் தூங்கறாங்க? சிலேட்டா, பிரிட்ஜ் மேல ஒட்டற காகிதமா, டிபன் பாக்ஸ்குள்ள சீட்டா? தெரிஞ்சா எழுதுங்க. பாப்பாவோட அப்பாவுக்கு அடுத்த வாரம் மறுபடி ரெண்டாவது ஷிஃப்ட்டு, ரயிலுக்கு இடம் தீர்ந்து போச்சு, புதுசா ஒரு யோசனை வேணும்னு கேட்டுக்கிட்டிருக்கார்.